காளான் பொடி கேட்டு வந்தவள்

அத்தியாயம் 14

கொட்டகைக்குள் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரிக்கு, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அது அவளுக்குப் புதுசாக இருந்தது. அந்தக் காளான் கொட்டகைக்கு வருகிறவர்கள் ஹோட்டல்காரர்கள், முகப்பேர் கடைக்காரர்கள், வைக்கோல் வண்டிக்காரர். ஒருத்தரும் செருப்பைக் கழற்றியதில்லை. ஈரச் சாக்குத் திரையை விலக்கிப் பார்த்தாள்.

முப்பத்தைந்து வயது சொல்லலாம். வெறுங்காலோடு, சாமி சந்நிதிக்கு முன்னால் நிற்பதுபோல் ஒரு பெண் நின்றிருந்தாள். வெயிலே இல்லாத மப்புக் காலை. ஆனாலும் புடவைத் தலைப்பால் தலையை இறுக்கி மூடியிருந்தாள். காதோரத்தில் முடி இல்லை.

“காளான் மருந்து தயார் பண்ற இடம் இதுதானேக்கா?”

குழாயும் கையுமாகவே சாமுண்டீஸ்வரி வெளியே வந்தாள்.

மருந்து. போன வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டில் சண்டை. குத்தம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் போட்ட இந்தக் கொட்டகையில் அவள் சிப்பிக்காளான் வளர்க்கிறாள். பறித்த காளான் அதிக நேரம் தாங்காது. விற்காமல் மிஞ்சியதைக் காயவைத்துவிடுவாள். காய்ந்ததை அவள் கொழுந்தன் தேவராஜ் மூட்டை கட்டி எடுத்துப்போவான். சூப்பு போடுகிற ஹோட்டல்களுக்குத் தருகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். அவனோ மாவு மில்லில் அரைத்துப் பொட்டலம் போட்டு, புற்றுநோய்க்கு ஜப்பான் முறை மருந்து என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறான். விஷயம் போன வாரம்தான் வெளியே வந்தது. இனிமேல் ஒரு பிடி காளான் தர மாட்டேன் என்று சாமுண்டீஸ்வரி சொன்னதும், சோற்றில் பாதியில் எழுந்து போனவன் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கன்னியப்பன், அண்ணன் தம்பிக்குள் நீ நுழையாதே என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

சொல்லிவிட்டோம், நிறுத்திவிட்டோம், அத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். முடியவில்லை. அது வெறுங்காலோடு வாசலில் வந்து நிற்கிறது.

வந்தவள் பெயர் வனஜா. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். புருஷன் லட்சுமணனுக்கு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை; குவார்ட்டர்ஸில் வீடு. போன வருஷம் மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிறகு ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. தேவராஜ் வாரம் தவறாமல் பொடி கொண்டுவந்து தருவானாம். இந்த வாரம் வரவில்லை. கையிருப்பு தீர்ந்துபோய் பயம் வந்துவிட்டது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காளான் வீடு எங்கே என்று விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறாள்.

“ஒரு வேளை கூட விடக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்காரு. ரெண்டு நாளா இல்லக்கா. கொஞ்சமா இருந்தாலும் குடுங்க.”

சாமுண்டீஸ்வரி அவளை வைக்கோல் கட்டின்மேல் உட்காரச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

“கரண்ட் வைக்கணும்னாங்க. வச்சாங்க. பாதியில நிறுத்திட்டேன்.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

வனஜா பதில் சொல்லச் சங்கடப்பட்டாள். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்த இடம் தீய்ந்து கறுத்துப்போனது, ரவிக்கை போட முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்றெல்லாம் சுற்றி வளைத்தாள். கடைசியில்தான் வந்தது. ரெண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம், கரண்ட் இந்த மருந்தின் சக்தியைப் பொசுக்கிவிடும் என்று தேவராஜ் சொன்னானாம்.

சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் தரையில் விழுந்து மணலை நனைத்தது. அவள் எடுக்கவில்லை.

“ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவுகளுக்குத் தெரியாது. தினமும் ஆஸ்பத்திரிக்குன்னு கிளம்பிருவேன். அம்பத்தூர் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்திருந்துட்டு மத்தியானமா திரும்பிருவேன்.” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “ஆனா நிறுத்துனதுக்கு அப்புறம்தான்க்கா சோறு இறங்குது. தூக்கம் வருது. உங்க மருந்து வேலை செய்யுது.”

அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க சாமுண்டீஸ்வரிக்கு ஆத்திரம் பொங்கியது. தேவராஜை இழுத்துவந்து இங்கே நிறுத்த வேண்டும் போல் இருந்தது. அவன் எங்கே போனான் என்பது தெரியாது. இவளுக்கோ இப்போதே பதில் வேண்டும்.

கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். உறிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பாலிதீன் பைகளைக் காட்டினாள். ஓட்டைகள் வழியாக வெள்ளைக் காளான்கள் காது காதாக எட்டிப் பார்த்தன.

“தோ பாரும்மா. உள்ள கீறது வேகவெச்ச வைக்கோலு. அதுல வெத தூவி கட்டி வெச்சிகீறேன். மொளைக்குது, பறிக்கிறேன், விக்கிறேன். மிஞ்சனது காயுது. அந்தக் காஞ்சதத்தான் நீ முழுங்கிகினு கீற. எம் புள்ளைங்க இத்த கொழம்புல போட்டுத் துன்னுது. வேற ஒண்ணும் இதுல சேரல.”

வனஜா ஒரு காளானை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி அழுகையை எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

“தம்பி காட்டுன பேப்பர்லயே போட்டிருக்கான். ஜப்பான்ல ஆஸ்பத்திரியிலயே குடுக்கான். நீங்க வைக்கோலுங்கீங்க. வீட்டுக்குள்ள சண்டைன்னா அதை என் தலையில ஏன் போடுதீக? இதுவும் இல்லன்னா நான் எங்க போவேன்?”

அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருத்தர் இருந்தார்.

கிளம்பும்போது, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்காக மாமியாரைத் தேடினாள். கெங்கம்மாள் பின்வாசலில் வைக்கோலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகப்பேர் ஃபிளாட்டுகளில் மாடி மாடியாக ஏறி, நாய்க்குடை என்று மூஞ்சியைச் சுளித்தவர்களிடம்கூடக் காளானை விற்றுவந்தவள் அவள். கொஞ்ச காலமாகக் கூடையைத் தொடுவதில்லை. தோள் வலி என்றாள். சாமுண்டீஸ்வரிக்கு அதில் சின்ன மனத்தாங்கல்கூட உண்டு.

வந்திருப்பது யார், என்ன வியாதி என்று கெங்கம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அரிவாள்மணையில் வைக்கோல் பாதியில் நின்றது.

“கரண்ட் வெச்சா ரொம்ப எரியுமாமா?” என்று கேட்டாள்.

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு சாமுண்டீஸ்வரி நடந்தாள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் அவள் காளான் வளர்ப்பு கற்றுக்கொண்டாள். இப்போதும் விதைப் பாட்டில் வாங்குவது அங்கேதான். கற்றுக்கொடுத்த பேராசிரியர் சண்முகசுந்தரம், வேளை கெட்ட வேளையில் வந்தவளையும் கூட வந்தவளையும் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டார். தேவராஜ் சொன்ன கரண்ட் விஷயம் வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அந்தப் பேப்பர்ல வந்தது என் ஆராய்ச்சிதாம்மா” என்றார்.

வனஜா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அவர் சொன்னதைச் சாமுண்டீஸ்வரியும் அன்றுதான் முழுசாகக் கேட்டாள். காளானை அப்படியே சோதனை எலிகளுக்குப் போடவில்லை. கூடை கூடையாகக் காளானை வெந்நீரில் கொதிக்கவைத்து, வடித்து, சுண்டவைத்து, சாராயத்தைப் போன்ற ஒரு திரவத்தில் அதைத் திரியவைத்து, திரிந்ததிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது நகத்தளவு. அதைக் கட்டி வளர்ந்த எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். நிறைய எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. சிலதுக்குச் சுருங்கவில்லை. அந்தப் பொருள் கட்டியை நேராகத் தாக்குவதில்லை என்று நினைக்கிறார்கள். உடம்பிலேயே இருக்கிற எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது, அது போய்க் கட்டியோடு மல்லுக்கட்டுகிறது.

“அப்ப அது நெசந்தானே சார்?” என்றாள் வனஜா.

“எலிக்கு நெசம். மனுஷங்களுக்கு இந்தக் காளானை யாரும் இன்னும் கொடுத்துப் பார்க்கலை. ஜப்பான்ல கொடுக்கறது வேற ஜாதி. பட்ட மரத்துல தட்டு தட்டா ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது. அதுலயும் இதே மாதிரி ஒண்ணைப் பிரிச்சு எடுத்து, ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கொடுக்கறாங்க. ஊசி மருந்தோட கொடுக்கறாங்க. சில பேருக்கு அதனால கூடுதலா நன்மை இருக்குன்னு எழுதியிருக்காங்க.” அவர் கொஞ்சம் நிறுத்தி, வனஜாவின் கண்ணைப் பார்த்தார். “கூடவே கொடுக்கறாங்கம்மா. அதை நிறுத்திட்டு இதைக் கொடுன்னு உலகத்துல ஒருத்தரும் சொல்லலை.”

பக்கத்து அறையில் கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

சோறு இறங்குகிறதே, தூக்கம் வருகிறதே என்று வனஜா மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை குரலில் பலமில்லை. கரண்ட் நின்றால் தொண்டைக்குள் இருக்கும் புண் ஆறும், புண் ஆறினால் சோறு இறங்கும், அது பொடியால் இல்லை என்று அவர் தன்மையாகச் சொன்னார். நிறுத்தியதால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தான் சொல்ல முடியாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே என்றார். பொடி சாப்பிடுவதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்றார்.

வாசல்வரை வந்தவர் சாமுண்டீஸ்வரியைத் தனியே நிறுத்தினார்.

“காளானில் புற்றுநோய்க்கு மருந்துன்னு கொட்டை எழுத்துல தலைப்புப் போட்டாங்க. எலின்னு உள்ள எங்கயோ ஒரு மூலையில இருந்தது. அன்னைக்கு எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. திருத்தி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கணும். கேக்கலை.”

அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வனஜா நெடுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போயின. ஆவடி பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினாள். இன்றைக்கே லட்சுமணனிடம் சொல்லிவிடுவதாகவும், நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் சொன்னாள். டாக்டர் என்ன திட்டு திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறதாம்.

“நான் வரேன். காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். ரெண்டு பேருமா திட்டு வாங்கலாம்” என்றாள் சாமுண்டீஸ்வரி.

வனஜா சிரிக்கவில்லை. ஆனால் பஸ் ஏறும்போது அவள் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் தேவராஜின் டி.வி.எஸ். 50 நின்றது. வழியெல்லாம் அடக்கிவைத்திருந்த கோபத்தோடு நேரே உள்ளே போனாள்.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். டம்ளரில் வெந்நீர் ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு தைரியம் இருந்தால் என் அடுப்படியிலேயே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வனஜா வந்தது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, சண்முகசுந்தரம் சொன்னது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அவன் திரும்பவில்லை. ஸ்பூன் மட்டும் டம்ளருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

“கரண்ட் பொசுக்கிடும்னு உனுக்கு யாரு சொன்னது? எந்த டாக்டர் சொன்னாரு?”

“அது கேட்டுச்சி. ரெண்டும் ஒண்ணா சாப்புடலாமானு கேட்டுச்சி. தெரியாதுனு சொன்னா நம்பிக்கை போயிடும்ல அண்ணி. வாயில வந்தத சொல்ட்டேன்.”

“அது ஒரு உசுரு தேவராஜி. உன்னப் பெத்தவளா இருந்தா இப்டி வாயில வந்தத சொல்லுவியா? இத்த கரைச்சிக் குடுத்துட்டு ஆஸ்பத்திரி வாணாம்னு சொல்லுவியா?”

ஸ்பூன் நின்றது. அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

“இத்த யாருக்குக் கலக்கிகினு கீறேன்னு நெனச்ச?”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு உள் அறையிலிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கெங்கம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இடது கையை உடம்போடு ஒட்டி, அணைத்தாற்போல் வைத்திருந்தாள். அப்படித்தான் அவள் பல மாதமாக வைத்திருக்கிறாள். அதைத் தினமும் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் இருந்தது தான்தான் என்பது சாமுண்டீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

“அவனத் திட்டாத” என்றாள் கெங்கம்மாள். “நான்தான் சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கினேன்.”

பொங்கல் கழித்துக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதாம். கெங்கம்மாளின் கூடப் பிறந்த பொன்னியம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. முற்றிப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஆபரேஷன் நடந்தது, திரும்பி வரவில்லை. அதனால் ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சின்ன மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் ஊரெல்லாம் அலைந்து, நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு, ஒன்றும் சரிப்படாமல் இருந்தபோதுதான் அந்தப் பேப்பர் செய்தி கண்ணில் பட்டது. மருந்து நம் வீட்டுக் கொட்டகையிலேயே தொங்குகிறது என்று அவனுக்கு அன்றைக்குக் கடவுளே சொன்னதுபோல் இருந்ததாம்.

“மொதல்ல அம்மாவுக்குத்தான் குடுத்தேன்” என்றான் தேவராஜ். “அப்பாலதான் விக்க ஆரம்பிச்சேன். சும்மா ஏமாத்தல அண்ணி. அம்மாவுக்குக் கட்டி நின்னுபோச்சி. பெருசாவல. வாரா வாரம் கேட்டுகினுதான் கீறேன். கேட்டுக் கேட்டுத்தான் எல்லாருக்கும் தகிரியமா சொன்னேன்.”

சாமுண்டீஸ்வரி மாமியாரைப் பார்த்தாள். கெங்கம்மாள் மகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“அத்தே, நான் பாக்கட்டுமா?”

இரண்டு பேரும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். கெங்கம்மாள் ரவிக்கையின் ஊக்குகளை ஒரு கையாலேயே அவிழ்த்தாள். சாமுண்டீஸ்வரி விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். கட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. தோலை உள்ளே இழுத்துக்கொண்டு, எலுமிச்சை அளவுக்குக் கல்லாகப் புடைத்திருந்தது. அக்குளிலும் ஒன்று இருந்தது.

“எப்டி இருந்துச்சி மொதல்ல?”

“சுண்டைக்காயாட்டம்.”

“பெருசாவலனு அவன்கிட்ட சொன்னீங்களே.”

கெங்கம்மாள் ரவிக்கையை மூடிக்கொண்டாள்.

“வேற இன்னா சொல்லுவேன். டம்ளர எடுத்துகினு வந்து, அம்மா கொறைஞ்சிச்சானு எம் மூஞ்சியப் பாப்பான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு இல்லடானு சொல்ல வாய் வருமா? ஒரு வார்த்த பொய்யி. அது அவன் மனசுக்கு மருந்துனு நெனச்சேன். அத்த வெச்சிகினு ஊருக்கெல்லாம் சொல்லுவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

கதவு மெல்லியது. கதவுக்கு அந்தப் பக்கம் என்னவோ பொத்தென்று சுவரில் சாய்ந்தது. சாமுண்டீஸ்வரி திறந்து பார்த்தபோது தேவராஜ் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். டம்ளர் மட்டும் சிந்தாமல் கையில் இருந்தது.

அவனைக் கேட்க அவள் ஆயிரம் கேள்வி வைத்திருந்தாள். ஒன்றையும் கேட்க மனசு வரவில்லை. அவன்தான் பேசினான், யாரிடமோ பேசுவதுபோல.

“ஆவடி அக்காகிட்ட, எங்கம்மாவுக்கே நின்னுபோச்சினு சொன்னேன். அத்தக் கேட்டுத்தான் அது கரண்ட்ட உட்டுச்சி.”

கெங்கம்மாள் வந்து மகனுக்கு முன்னால் கட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். அவனைத் தொடவில்லை. மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா பொழைப்பேனா சாமுண்டி?”

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. இந்த வீட்டில் அப்படிச் சொன்ன பொய் எங்கெல்லாம் போய் நிற்கிறது என்பதை இப்போதுதான் பார்த்திருக்கிறாள்.

“தெரியாது அத்தே. பாக்கறவங்க பாத்துச் சொன்னாதான் தெரியும். போவாம இருந்தா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியுது.”

கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து மகன் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். ஆறிப்போயிருந்த அந்தக் காளான் தண்ணீரை, நிறுத்தி நிறுத்தி, கசடுவரை குடித்து முடித்தாள்.

“நாளிக்கு நீ அந்தப் பொண்ணுகூட போறல்ல, நானும் வரேன்” என்றாள் மருமகளிடம். “அந்த வாத்தியாரு ரெண்டையும் சேத்துதானே ஜப்பான்ல குடுக்கறாங்கனு சொன்னாரு. டாக்டரு திட்டாத வரிக்கும் இத்தயும் குடிக்கிறேன். அவன நிறுத்தச் சொல்லாத.”

தேவராஜ் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பூந்தமல்லியில் பஸ் ஏறும்போது, சாமுண்டீஸ்வரியும் கெங்கம்மாளும் முன்பக்கம் ஏறினார்கள். கடைசி நேரத்தில் பின்படியில் ஒருத்தன் தொற்றி ஏறியது கண்ணாடியில் தெரிந்தது. தேவராஜ். அவனை யாரும் கூப்பிடவில்லை. கெங்கம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த நேரத்துக்கே கூட்டம். இளநீர் வண்டிகளும் ஆட்டோக்களும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. மதில் ஓரமாக மாமியாரை உட்காரவைத்துவிட்டு, சாமுண்டீஸ்வரி வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் முக்காடிட்ட ஒரு தலையைத் தேடினாள். பஸ்கள் வந்தன, போயின. வனஜா இறங்கவில்லை.

புருஷனிடம் சொல்லத் தைரியம் வரவில்லையோ. இன்றைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுதானோ. வெயில் ஏற ஏற அவள் பஸ் நிறுத்தத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இன்னும் ஒரு பஸ் பார்க்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயிருந்து ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தார்.

ஃபேக்டரி யூனிஃபார்ம். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு ஃபிளாஸ்க். கண்கள் தூங்காத கண்கள்.

“காளான் கொட்டகை அம்மா நீங்கதானே? நான் லட்சுமணன். வாசல்ல நிப்பீகன்னு வனஜா சொன்னா.”

“அது எங்கங்க?”

“உள்ள. நேத்து எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மூச்சு இளைக்க ஆரம்பிச்சிருச்சு. கொண்டாந்து சேத்துட்டேன். நெஞ்சுல நீர் கோத்திருக்குதாம். எடுத்துக்கிட்டு இருக்காங்க.” அவர் குரல் அடங்கியிருந்தது. அந்த அடக்கம்தான் பயமாக இருந்தது. “எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டேங்கா. கரண்ட்டை நிறுத்தச் சொன்னவன் பேரைக் கேட்டா, சின்னப் பையன், விடுங்கன்னு சொல்லுதா. நீங்க சொல்லுங்கம்மா. அது யாரு?”

சாமுண்டீஸ்வரி மதில் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். என் காளான், என் கொட்டகை, பழி என்மேலேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மதில் ஓரத்தில் தாயின் பக்கத்தில் குந்தியிருந்த தேவராஜ் எழுந்தான். கெங்கம்மாள் எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்துவிட்டான். நேரே நடந்து வந்து அண்ணிக்கு முன்னால் நின்றான்.

“நான்தாங்க” என்றான்.

லட்சுமணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தார்.